மலைச்சரிவும் மார்புவலியும்: மத்திய மலைநாட்டுத் தோட்டப் பெண்களின் உடலுழைப்பு வரலாறு

இலங்கையின் நுவரெலியா நகரம் தேயிலைக்காக உருவானதன்று. வெள்ளையரின் உடல் தேறுவதற்காக உருவானது. 1819இல் ஜோன் டேவி என்ற பிரித்தானிய மருத்துவர் சென்று பார்த்த அந்தக் குளிர்ந்த பீடபூமியில், அடுத்த பத்தாண்டில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் தளர்ந்த படைவீரரும் அதிகாரிகளும் வந்து தங்கி உடல் தேறுவதற்கான நிலையம் ஒன்றை அமைத்தார். பின்னர் ஏரி வெட்டப்பட்டு அதன் கரையில் உலாவும் பாதை வந்தது; குதிரைப் பந்தயத் திடல் வந்தது; 1876இல் ஹில் கிளப்பும், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கோல்ஃப் புல்வெளியும் வந்தன. ஹட்டனை அடுத்த டிக்கோயாப் பள்ளத்தாக்கில் தோட்டத்துரைமார் தரவளை மைதானத்தில் கிரிக்கெட் ஆடினர். நலத்துக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் உடலை அசைப்பது என்ற பழக்கம் இந்த மலைகளுக்கு வந்த வழி இதுவே. அதற்குத் தனியான நேரமும், தனியான இடமும், அதற்கென்றே தைத்த உடையும் இருந்தன.

அதே மலைகளில் அதே ஆண்டுகளில் பல மடங்கு அதிகமாக நடந்தும் ஏறியும் சுமந்தும் வந்த பெண்களுக்கு இவற்றுள் ஒன்றும் இருக்கவில்லை. இன்று இதயநோய் கண்ட தோட்டப் பெண் ஒருவரிடம் வைத்தியர் நாள்தோறும் நடக்கும்படி அறிவுறுத்தும்போது எழும் தயக்கத்தை, அறியாமை என்றோ சோம்பல் என்றோ எழுதி முடித்துவிடுவது எளிது. அத்தயக்கத்தின் வேர் ஒன்றரை நூற்றாண்டுத் தொழில் ஒழுங்குக்குள் கிடக்கிறது. மருத்துவ நூல்கள் உடற்செயற்பாடு என்று சொல்வது, தசைகள் இயங்கி ஆற்றல் செலவாகும் எல்லா அசைவையும் உள்ளடக்கும்; அதைத் தொழிலில் நிகழ்வது, போக்குவரவில் நிகழ்வது, வீட்டுவேலையில் நிகழ்வது, ஓய்வுநேரத்தில் விரும்பிச் செய்வது என நான்காகப் பிரிப்பர். முதல் மூன்றும் நிரம்பி வழிந்த வாழ்வில் நான்காவதற்கு இடம் எப்படி இல்லாமற் போயிற்று என்பதே மலையக வரலாற்றை நோக்கி எழுப்ப வேண்டிய கேள்வியாகும்.

1830களுக்குப் பின் பெருகிய கோப்பித் தோட்டங்களுக்குத் திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து, ஆள்சேர்த்து வேலை வாங்கும் கங்காணிமாரின் தலைமையில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடைக் காலத்துக்கு வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை கால்நடையாக வந்த அப்பயணத்தில் வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் பலியானோர் பலர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். ரயில் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபோது மலைகளின் நிறமே மாறத் தொடங்கியிருந்தது. இந்த மாற்றத்தின் பெரிய விளைவு தொழிலாளரின் பால் விகிதத்தில் தெரிந்தது. தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் தளிர்க்கும். ஏறத்தாழ ஒரு வார இடைவெளியில் ஒரே செடியை மீண்டும் மீண்டும் பறிக்க வேண்டும். ஆகவே பருவத்துக்கு வந்து போகும் ஆண்களைவிட, ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கியிருக்கும் குடும்பமும், கொழுந்தெடுக்கும் பெண்ணும் தோட்டத்துக்குத் தேவைப்பட்டனர்.

அப்பெண்ணின் நாள் தப்பொலியோடு விடிந்தது. விடிவதற்கு முன் எழுந்து, பீலிக்கரையில் நீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளை மடுவம் எனப்படும் குழந்தைக் காப்பகத்தில் விட்டு, பிரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பிரட்டு என்பது காலையில் தொழிலாளரை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் ஒழுங்கு. நேரந்தவறி வந்தவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அங்கே நின்ற கணக்கப்பிள்ளைக்கு உண்டு. அங்கிருந்து மலைக்கு, அதாவது அன்று கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலைப் பரப்புக்கு, ஏற வேண்டும். தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுக் கூடை தொங்க, இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணி கட்டி, அட்டைக்கடியையும் வழுக்கும் மண்ணையும் பொறுத்து, கழுத்தும் தோளும் அசையாமல் இறுகியிருக்க விரல்கள் மட்டும் விரைந்து இயங்கும் வேலை அது. கூடை நிறைந்ததும் கொழுந்து மடுவத்துக்குச் சுமந்து சென்று நிறுத்துப் போட்டுவிட்டு மீண்டும் ஏற வேண்டும். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் முழுநாள் உழைப்புக்கும் அரைப்பேரே விழும். பேர் என்பது இங்கே ஒரு நாள் கூலிக்குரிய பதிவு. மாலையில் லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்புக்குத் திரும்பியபின் விறகு, சமையல், துணி, பிள்ளைகள், முதியோர் என்று இரண்டாவது வேலைநாள் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்கவும் ஹட்டன் கடைகளுக்குச் சென்று வரவும் போயிற்று.

இவ்வுழைப்பை அரசு குறைத்தே மதிப்பிட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு என்று போற்றப்பட்டாலும், அதன் கீழ் நிர்ணயிக்கப்பட்ட கூலியில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகவே ஒதுக்கப்பட்டது. அவ்வேறுபாடு 1984ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தம் வரை நீடித்தது. ஆண்கள் செடியை வெட்டித் தணிக்கும் கவ்வாத்து, மண்ணைக் கிளறும் முள்ளுக்குத்து போன்ற வேலைகளைக் குறித்த அளவில் முடித்துவிட்டுப் பிற்பகலிலேயே லயம் திரும்ப முடிந்த தோட்டங்களிலும் பெண்கள் கடைசி நிறுவை வரை மலையில் நின்றனர். ஓய்வுநேரம் என்பது இப்படி ஆணுக்குரிய பண்டமாயிற்று. அதைச் செலவிடும் இடங்களான தவறணை எனும் கள்ளுக்கடையும், கைப்பந்துத் திடலும், மாசி மாதத்துக் காமன் கூத்துக் களமும் பெரும்பாலும் ஆண்களுடையனவாகவே இருந்தன. திருவிழாக் கும்மியும் மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறும் யாத்திரையும் பெண்களுக்குக் கிடைத்த அரிய விலக்குகள்.

இந்த உடலை மருத்துவம் எவ்வாறு நோக்கியது என்பதே வரலாற்றின் அடுத்த, இன்னும் கனமான பகுதி. கோப்பித் தொழிலாளரின் சாவுகள் பெருகியதை அடுத்து 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் இயற்றப்பட்டது; தோட்டப் பகுதிகள் மருத்துவ வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, தோட்டங்களிடமிருந்து பெறும் வரியைக்கொண்டு வைத்தியசாலைகள் அமைந்தன. 1912இல் இதே பொருளில் இன்னும் விரிவான சட்டங்கள் வந்தன. நாளடைவில் பெரிய தோட்டங்களில் மருந்துச்சாலையும், அதற்கு ஒரு வைத்திய உதவியாளரும், ஒரு மருத்துவிச்சியும் இருப்பது வழக்கமாயிற்று. இந்தியாவின் பல கிராமங்களுக்கு அக்காலத்தில் கிட்டாத வசதி இது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வசதியைத் தருபவர் தோட்டத்துரையாகவும், வைத்திய உதவியாளர் அவருடைய ஊழியராகவும் இருந்ததனால், மருந்துச்சாலை வாசலில் நோயாளியை நோக்கிக் கேட்கப்பட்ட முதற்கேள்வி இன்று மலைக்குப் போக முடியுமா, முடியாதா என்பதாகவே இருந்தது. வேலைக்குத் தகுதி, வேலைக்குத் தகுதியின்மை என்ற இரண்டு அறைகளுக்குள் எல்லா நோயும் அடைக்கப்பட்டது. மருந்துச்சாலையின் சான்று பெற்றால் ஓய்வு நியாயமாகும். பெறாவிட்டால் அது வேலைக்கு வராத குற்றமாகும்.

கொக்கிப்புழு ஒழிப்புப் பணி இதற்குத் தக்க சான்று. வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் நுழைந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் இப்புழுவை எதிர்த்து 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் பணியைத் தொடங்கியது. தோட்டத்துரைமாரை இணங்க வைக்க அப்பணியாளர்கள் முன்வைத்த வாதம், புழு நீங்கிய கூலியாள் கூடுதலாக வேலை செய்வார் என்பதே. மருந்து கொடுக்க இசைந்த துரைமாரில் பலர் மலசலகூடம் கட்டும் செலவுக்குத் தயங்கினர்; ஆகவே மருந்தால் நீங்கிய புழு மண்ணிலிருந்து மீண்டும் காலேறியது. புழுவும் குறைந்த உணவும் அடுத்தடுத்த பேறும் சேர்ந்து உண்டாக்கிய இரத்தசோகை தோட்டப் பெண்ணுக்கு நிலையான துணையாயிற்று. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் பொருள் குறையும்போது, அக்குறையை ஈடுசெய்ய இதயம் வேகமாகவும் வலிந்தும் இயங்க வேண்டியிருக்கும். அந்நிலையில் மலையேறுவது ஏற்கெனவே இரட்டைப் பாரம் இழுக்கும் மாட்டை மேட்டில் ஓட்டுவதை ஒக்கும். மூச்சு வாங்குவதும் நெஞ்சு படபடப்பதும் கால் வீங்குவதும் இரத்தக்குறைவின் அடையாளங்களாகவும் இருக்கலாம், இதயம் தளர்ந்ததன் அடையாளங்களாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அக்காலத்தில் கிடைத்தது பெரும்பாலும் ஒரே கலவை மருந்து.

இதயநோயின் மற்றொரு வடிவம் லயத்தோடு நேரடித் தொடர்புடையது. முதுகோடு முதுகு ஒட்டிய வரிசைகளில், சுமார் 10 அடிக்கு 12 அடி அளவுள்ள காம்பரா எனப்படும் அறைக்குள் ஒரு குடும்பம், சில வேளைகளில் இரண்டு குடும்பங்கள் உறங்கின. நெருக்கமாக வாழும் சிறுவரிடையே எளிதிற் பரவும் ஒருவகைத் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல், இதயத்தின் வால்வுகளைத் தழும்பாக்கிவிடும். தழும்பு பல ஆண்டுகள் மறைந்திருந்து, இரத்தத்தின் அளவு கூடும் கர்ப்பகாலத்தில் மூச்சுத்திணறலாக வெளிப்படும். இலங்கையில் தாய்மார் இறப்புக்கு இதயநோய் முக்கியமான காரணங்களுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது. நோய் மீளாதிருக்க மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் போட வேண்டும். ஒவ்வோர் ஊசியும் நகரத்து வைத்தியசாலைக்கு ஒரு பயணம். ஒவ்வொரு பயணமும் ஒரு பேர் இழப்பு.

இவ்வளவு இருந்தும், கடின உடலுழைப்பாளருக்கு மாரடைப்பு வராது என்ற எண்ணம் மருத்துவருக்குள்ளும் மக்களுக்குள்ளும் நெடுங்காலம் நிலைத்திருந்ததற்கு அறிவியல் தந்த ஆதரவும் உண்டு. 1953இல் லண்டன் பேருந்து ஊழியரை ஆராய்ந்த ஜெரமி மொரிஸ், நாள் முழுதும் அமர்ந்து ஓட்டும் சாரதிகளைவிட, இரட்டைத் தட்டுப் பேருந்தின் படிகளில் ஏறியிறங்கும் நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவு என்று காட்டினார். உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்ற இன்றைய பொதுஅறிவின் அடித்தளம் அந்த ஆய்வு. ஆனால் அதில் ஆராயப்பட்டவர்கள் ஆண்கள். அவர்களுக்கு ஊதியத்தோடு விடுமுறையும், வேலைநேரத்துக்கு ஓர் எல்லையும், போதிய உணவும் இருந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த அந்திரேயாஸ் ஹொல்டர்மன் முதலியோர் அண்மைக் காலத்தில் இதன் மறுபக்கத்தை உடற்செயற்பாட்டு முரண் என்ற பெயரில் விளக்கியுள்ளனர்: ஓய்வுநேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவு இதயத்தைக் காக்க, நாள்முழுதும் நீளும் தொழிற்சுமை அவ்வாறு காப்பதில்லை, சிலருக்குக் கேடும் செய்கிறது என்பதே அந்த முரண். அதிகப் பாரம் தூக்குவதும் ஒரே நிலையில் தசையை இறுக்கி வைத்திருப்பதும் இரத்த அழுத்தத்தை உயர்த்துவதையும், உழைப்புக்கு இடையே தேறுவதற்குப் போதிய நேரம் இல்லாமையையும், வேகத்தையும் இடைவேளையையும் தொழிலாளி தாமே தீர்மானிக்க இயலாமையையும் அவர்கள் காரணங்களாகக் காட்டுகின்றனர். தேயிலை மலையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது போன்ற பட்டியல் இது.

இதனினும் பழைய சான்று ஒன்று உண்டு. இதயத்துக்கு இரத்தம் போதாதபோது எழும் மார்புநெரிவை 18ஆம் நூற்றாண்டில் முதன்முதலாகத் தெளிவாக விவரித்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், அது நடக்கும்போது, சிறப்பாக மேடேறும்போதும் உண்ட சிறிது நேரத்திலும் தோன்றும் என்றார். குளிர்காற்றும் பாரமும் அதைத் தூண்டும் என்பது பின்னர் உறுதியாயிற்று. உண்ட கையோடு, தை மாதத்து விடியற்குளிரில், சுமையுடன் மேடேறுவது தோட்டப் பெண்ணின் வழக்கமான காலைப்பொழுது. பெண்களுக்கு இவ்வலி மார்பில் தெளிவாக எழாமல் முதுகிலோ தாடையிலோ, வெறும் களைப்பாகவோ மூச்சிரைப்பாகவோ வருவதும் உண்டு. முதுகுவலியும் களைப்பும் எல்லாருக்கும் உள்ள தொழிலில் அது வாயு என்று பெயர் பெற்று மறைந்துபோவது இயல்பே.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியதும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்து குடும்பங்களைப் பிரித்ததும் நன்கறியப்பட்டவை. உடல்நலத்தைப் பொறுத்தவரை அவற்றின் விளைவு, நாடு முழுவதற்குமான இலவச மருத்துவ அமைப்புக்குப் புறத்தே தோட்டம் ஒரு தனித் தீவாக நின்றதாகும். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிய காலத்திலேயே, 1973–74இன் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களில் பட்டினிச் சாவுகளை விளைவித்தது. கருவில் ஊட்டம் குறைந்து எடை குன்றிப் பிறந்த குழந்தைகளுக்கு நடுவயதில் இதயநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று பிரித்தானியாவின் டேவிட் பார்க்கர் 1980களின் இறுதியில் காட்டினார். அப்பஞ்சத்தில் பிறந்த பெண்குழந்தைகள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். தோட்டத்து வைத்தியசாலைப் பதிவேடுகளை அந்நோக்கில் ஆராய்வதற்கு உரிய தருணம் இது.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குச் சென்றது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசின் சுகாதாரத் துறைக்குள் கொண்டுவரும் முயற்சிகள் நடந்தும் அவை முழுமை பெறவில்லை. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் எழுந்த 150 படுக்கை வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது பெரிய முன்னேற்றம். ஆனால் இதயத் தமனிகளைப் படம்பிடித்து அடைப்பை அகற்றும் சிகிச்சைக்கு நோயாளி கண்டிக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டியிருக்கிறது.

அச்சிகிச்சைக்குப் பின் தொடர வேண்டியதே இதய மறுவாழ்வு எனப்படுவது: கண்காணிப்பின் கீழ் சிறிது சிறிதாக நடையைக் கூட்டி, உணவையும் மருந்தையும் ஒழுங்குபடுத்தி, அச்சத்தைத் தெளிவித்தல். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாரடைப்பு கண்டவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்துவது உலகெங்கும் விதியாக இருந்தது. 1952இல் அமெரிக்காவின் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் நோயாளியை நாற்காலியில் அமர்த்திப் பார்த்தபின்பே அது தளர்ந்தது. மருத்துவம் தன் கருத்தை மாற்றிக்கொண்ட செய்தி லயங்களை மெதுவாகவே எட்டியது. நெஞ்சுநோய்க்காரி அசையாமல் இருக்க வேண்டும் என்பது அங்கே இன்றும் பரிவின் மொழி. பிள்ளைகள் தாயைக் கூடையைத் தொட விடாமல் தடுப்பதும் அப்பரிவினாலேயே. நோயாளிக்கும், நடந்தால் மீண்டும் வலி வந்துவிடும் என்ற அச்சம் உண்டு. முன்பு வலி வந்தது மலையேறும்போதுதானே.

பிற தடைகள் இடத்தைச் சார்ந்தவை. சமதரையில் நடக்கும்படி கிளினிக்கில் சொல்லப்படும் அறிவுரைக்கு ஏற்ற சமதரை லயத்தைச் சுற்றி இல்லை. இருப்பவை படிக்கட்டும் சரிவும், வாகனம் திரும்பும் குறுகிய தார்ச்சாலையும்தான். குளவிக்கூடுகளும், மாலைக்குப் பின் சிறுத்தைப்புலி பற்றிய பயமும் தேயிலைக்குள் செல்லும் பாதைகளை மூடுகின்றன. அடுத்தடுத்த வாசல்களின் முன்னால் வேலையின்றிக் கைவீசி நடக்கும் பெண்ணை, நோயென்று பேர் கொடுக்காதவள் உலாவுகிறாள் என்று பேசும் வாய்களும் உண்டு. பல தலைமுறைகளாக ஒவ்வோர் அசைவும் எடைபோடப்பட்ட இடத்தில் எடையில்லாத நடை ஐயத்துக்குரியதாவதில் வியப்பில்லை.

இவ்வகை வரலாறு தேயிலை மலைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி 5,300க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களைப் பின்தொடரும் ஜாக்சன் இதய ஆய்வு நடைபெறும் நிலம், அவர்களுடைய முன்னோர் அடிமைகளாகப் பருத்தி பறித்த நிலம். அந்நாட்டில் இதயநோயுள்ள கறுப்பினப் பெண்கள் உடற்பயிற்சிக்குத் தடையாகக் கூறுபவற்றில் குடும்பப் பராமரிப்பின் சுமை, கூலிவேலையின் களைப்பு, பாதுகாப்பாக நடக்க இடமின்மை, மீண்டும் நெஞ்சுவலி வருமோ என்ற அச்சம் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. பருத்தியும் தேயிலையும் பறிப்பவரின் நிறையைக் குறித்து வைத்த பயிர்கள். அடிமைமுறையும் கங்காணிமுறையும் ஒன்றல்ல என்றாலும், பிறருக்காக உழைத்துத் தேய்ந்த உடலைத் தமக்காக அசைக்கும் வாய்ப்பு இரு இடங்களிலும் தாமதமாகவே, அதுவும் மருத்துவரின் கட்டளையாகவே வந்து சேர்ந்தது. வேறுபாடும் உண்டு: அமெரிக்காவில் அத்தடைகளை அப்பெண்களின் வாய்மொழியாகவே பதிவுசெய்யும் ஆய்வு மரபு வளர்ந்திருக்கிறது. மலையகத்தில் நிறுவைக் கொப்பிகள் குவிந்த அளவுக்கு அத்தகைய பதிவு குவியவில்லை.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்தபின் பல தோட்டங்களில் பேருக்குரிய கொழுந்தின் அளவு பற்றிய தகராறு கூர்மையடைந்தது. நாட்சம்பளத்துக்குப் பதிலாகக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முறைகளும் பரவின. பழைய ஒழுங்கில் நோயுற்ற பெண்ணுக்கு மருந்துச்சாலைச் சான்றின் பேரில் இலேசான வேலை கேட்கும் வழக்கமாவது இருந்தது. பிள்ளை மடுவத்திலோ, நாற்றுமேடையிலோ, சமதரையில் உட்கார்ந்தும் எழுந்தும் செய்யும் அவ்வேலை, எவரும் அப்படிக் கருதாமலே, இதய மறுவாழ்வுக்கு மிக அருகில் வந்த ஒன்றாகும். கிலோக்கணக்கில் கூலி தரும் கொந்தரப்பு எனப்படும் ஒப்பந்த முறையில் இலேசான வேலை என்ற பிரிவே கிடையாது. மாரடைப்புக்குப் பின் கண்டியிலிருந்து திரும்பும் பெண், கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட அரைமணி நேர நடைக்கும், முன்போலவே கூடை சுமந்து எடுக்க வேண்டிய கொழுந்துக்கும் இடையே தெரிவு செய்ய வேண்டியவராகிறார். அக்கொழுந்தை எடுத்தால்தான் அடுத்த கிளினிக்குக்குச் செல்லும் பஸ் கட்டணம் கையில் இருக்கும்.